மாடிக் கதவின் தாழ்ப்பாள்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் சௌந்தரம் இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து போட்டாள். ஏற்கெனவே இரண்டு கிடந்தன. முகம் பார்க்க வந்தவர்கள் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்கள். யாராவது போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்தால், சௌந்தரம் எழுந்து வந்து அந்த ஓரத்தை இழுத்துவிட்டு, மடிப்பில்லாமல் தட்டிவிட்டு, மறுபடியும் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

"வெளிச்சம் படக்கூடாது அவருக்கு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

செத்தவருக்கு வெளிச்சம் பட்டால் என்ன, படாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. துக்க வீட்டில் அப்படியெல்லாம் கேட்க மாட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு வெளியே போய், பந்தலின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்கள்.

அம்மாவுக்குப் பக்கத்தில் இசைவாணி உட்கார்ந்திருந்தாள். ஒரே மகள். கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. காலையிலேயே போன் வந்தது; கணவன் பாலகுமாரோடு கிளம்பி சிதம்பரம் வந்து சேர்ந்தபோது அப்பாவைக் கீழே இறக்கியிருந்தார்கள்.

பழனிவேல் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று காலை மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி போயிருந்தார். படுக்கை காலியாக இருப்பதைப் பார்த்துத் தேடிக்கொண்டு மேலே போன சௌந்தரம், கணவர் முகத்தில் வெயில் நேராக விழுவதைக் கண்டதும் முதலில் முந்தானையை எடுத்து அந்த முகத்தை மூடினாள். அவரைத் தொட்டு எழுப்பிப் பார்த்ததும், சத்தம் போட்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டதும் அதற்குப் பிறகுதான்.

தெருக்கோடி கிளினிக்கிலிருந்து வந்த டாக்டர், ஹார்ட் அட்டாக், படுத்த இடத்திலேயே வந்திருந்தாலும் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அது சௌந்தரத்தின் காதில் ஏறவில்லை. முந்தின நாள் சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனவள், இறங்கும்போது மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டாள். அந்தத் தாழ்ப்பாள் இழுத்தால் கத்தும். போட்டிருந்தால் அவர் திறக்கும்போது விழித்திருப்பாள். விழித்திருந்தால் வெளிச்சத்துக்குப் போக விட்டிருக்க மாட்டாள்.

"நான்தான் தாப்பா போடாம வுட்டுட்டேன்" என்று காலையில் ஒரே ஒரு முறை சொன்னாள். ஒரு முறை போதுமே. பந்தலுக்குப் போய்ச் சேர்ந்த அந்தச் சேதி, புதிதாக வருகிறவர்களுக்குக் காபியோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது. பழனிவேலின் தங்கை ராமாமிர்தம் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து இறங்கியபோது தெருமுனையிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள்.

அவள் பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். மூச்சு வாங்கிக்கொண்டதும் அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தாப்பா, அண்ணி. ஒரே ஒரு தாப்பா போட மறந்துட்டியே."

சௌந்தரம் தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்த வீட்டில் இசைவாணி ஒருத்திக்குத்தான் தெரியும், வெயில் அப்பாவை ஒன்றும் செய்திருக்காது என்று. அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். அப்பாவை எடுப்பதற்குள் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அம்மா இனி சாகும்வரை அந்தத் தாழ்ப்பாளோடு குடித்தனம் நடத்துவாள். சொன்னாலோ, இசைவாணி செய்தது வெளியே வந்துவிடும்.

பழனிவேலுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். இரண்டு முறை சுரண்டி எடுத்தார்கள். இரண்டு முறையும் திரும்பி வந்தது. பையையே எடுத்துவிட்டு வயிற்றில் பிளாஸ்டிக் பை ஒன்றைத் தொங்கவிடலாம் என்றார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். அப்புறம்தான் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் புதிதாகச் சோதித்துப் பார்க்கிற வைத்தியம் ஒன்று இருப்பது தெரிந்து இசைவாணி அழைத்துப் போனாள். முதலில் நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அது கெட்ட அணுக்களில் போய்த் தங்கும். பிறகு மெல்லிய குழாய் வழியாக உள்ளே சிவப்பு வெளிச்சம் விடுவார்கள். வெளிச்சம் பட்டதும் மருந்து விழித்துக்கொண்டு, தான் தங்கிய அணுக்களைப் பொசுக்கும். மிச்சம் மீதியை உடம்பே தேடி அழிப்பதற்காக, கொஞ்ச நாள் கழித்து வாரம் ஒரு தடவை வேறொரு மருந்தைப் பைக்குள் செலுத்துவார்கள். அது குழந்தைகளுக்குத் தோளில் போடுகிற காசநோய்த் தடுப்பூசி மருந்துதான்.

"உள்ள ஒரு சர்வீஸ் கனெக்சன் குடுத்துட்டாங்க. மீட்டர் மட்டும்தான் வெக்கல" என்று பழனிவேல் பார்க்க வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார்.

நரம்பில் ஏற்றிய மருந்து தோலிலும் தங்குமாம். அதனால் ஒரு மாதம் வெயில் ஆகாது, பட்டால் தோல் வெந்துபோகும். வீட்டுக்குள் விளக்கு எரியலாம், அதில் தப்பில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னது இவ்வளவுதான். இசைவாணி அதோடு நிற்கவில்லை. ஜன்னல்களுக்கு ஃப்ளெக்ஸ் பேனர்களைக் கட்டினாள். யாரோ சொந்தக்காரர் கல்யாணத்துப் பேனர். மணமக்கள் தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு ஜீரோ வாட் பல்பு போட்டாள். புயலடித்த வருஷம் வீட்டுக்கே வராமல் ஊர் ஊராகப் போய்க் கம்பம் நட்டு வெளிச்சம் கொடுத்த மனுஷர், சொந்த வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு கக்கூசுக்குப் போனார். கரண்டுக்காரர் வீட்டில் கரண்ட் இல்லையா என்று தெருவில் கேலி பேசினார்கள்.

ஆனி பிறந்த சமயம் மறுபடி சென்னைக்குப் போய்க் கேமரா விட்டுப் பார்த்தார்கள். பை சுத்தமாக இருந்தது. அப்பா உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தபோது டாக்டர் இசைவாணியிடம் சொன்னார். "மருந்து ரொம்ப நல்லா கேட்டிருக்கு. இனிமே வெயில்ல போகலாம். காலை வெயில்ல கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க."

அவள் தலையை ஆட்டினாள். திரும்பி வருகிற வழியில், "இன்னும் ரெண்டு மாசத்துக்கு வெளிச்சம் ஆகாதுன்னுட்டாங்கப்பா" என்றாள். அம்மாவும் கூட இருந்தாள். இருவரும் நம்பினார்கள். மகள் படித்தவள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டாள். வெயில் பட்டால் நோய் திரும்பும் என்று நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள் அப்படி நினைப்பாளா? நினைக்கவில்லை, பயந்தாள். இருட்டு பலித்திருந்தது. பலிக்கிற விரதத்தை யார் நடுவில் முறிப்பார்கள்? இன்னும் கொஞ்ச நாள், இன்னும் ஒரு தடவை கேமரா விட்டுப் பார்க்கும்வரை என்று நீட்டிக்கொண்டே போனாள்.

வெளியே பறை நின்ற ஒரு சமயம் இசைவாணியின் போன் மணியடித்தது. அழைப்பு இல்லை, அலாரம். அன்று புதன்கிழமை. புதன்கிழமைதான் பையில் மருந்து விடுகிற நாள். விட்ட பிறகு இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு, கால் மணிக்கு ஒரு தரம் புரண்டு படுக்க வேண்டும், மருந்து எல்லாப் பக்கமும் படுவதற்கு. அதற்காக வைத்த அலாரம்.

அவள் பதறிப்போய் அதை அணைப்பதற்குள் சௌந்தரம் எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போய்விட்டாள்.

"இடது பக்கம் திரும்புங்க" என்றாள் போர்வையைப் பார்த்து. வழக்கமாகச் சொல்கிற அதே அலுத்துப்போன குரல்.

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். சௌந்தரம் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். போர்வையைச் சரி செய்ய வந்தவள்போல அதைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

அலாரம் இன்னும் ஏழு இருந்தது. இசைவாணி ஒவ்வொன்றாக அழித்தாள். அழிக்கும்போது யாரையோ புரட்டிப் போடுவதுபோல் இருந்தது.

"அம்மா" என்றாள். "ஒண்ணு சொல்லணும்மா."

"அந்த ஜன்னல் பேனரைக் கொஞ்சம் இழுத்து வுடு. மதியானம் ஆச்சுன்னா அந்தப் பக்கம்தான் வெயில் வரும்."

இசைவாணி எழுந்துபோய்ப் பேனரை இழுத்துவிட்டாள். கிழிசலில் வந்துகொண்டிருந்த கொஞ்சம் வெளிச்சமும் நின்றது. திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார முடியவில்லை. மாடிக்குப் போனாள்.

தாழ்ப்பாள் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதை யாரும் தொடவில்லை.

தொட்டியின் ஓரத்தில், அப்பா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வெயிலுக்கு மறைப்பாகப் போடுகிற முழுக்கைச் சட்டை மடித்து வைத்திருந்தது. அதன் மேல் குல்லாய். குல்லாய்க்கு மேலே ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி, காம்புகளை மடக்கி. அப்பாவைத் தூக்க வந்தவர்கள் இதையெல்லாம் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

இசைவாணி சட்டையைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். அவசரத்தில் கழற்றியது இல்லை. வேலைக்குப் போய் வந்து வைக்கிற மாதிரி, காலரை மேலே வைத்து, நிதானமாக மடித்தது. மறைப்பு எதுவும் வேண்டாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறார். வெளிச்சம் ஒன்றும் செய்யாது என்று அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் மகளின் பொய்யும் தெரிந்திருக்கும்; தெரிந்தும் வாயைத் திறக்காமல் அவளுக்காக இருட்டில் கிடந்திருக்கிறார். தெரியாது என்றால்? வெளிச்சம் தன்னைக் கொன்றுவிடும் என்று நம்பிக்கொண்டே, பரவாயில்லை என்று படியேறி வந்திருக்கிறார். இரண்டில் எது என்று இனி யாரும் சொல்லப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் அவளால் தாங்க முடியாது.

எதிரே மேலக் கோபுரம் நின்றது. வீட்டுச் சந்து போய்ச் சேர்கிற மேல வீதி இங்கிருந்து தெரியாது. சத்தம் மட்டும் வரும்.

ஆனித் தேர் அன்று அப்பா அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று விடுமுறை எடுத்துக்கொண்டு இசைவாணி வந்திருந்தாள். காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு கொடையப் புடிச்சிகிட்டு தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடறம்மா. அஞ்சு நிமிசம்."

"வேணாம்ப்பா. டாக்டர் ஸ்ட்ரிக்ட்டா சொல்லியிருக்காரு."

"சர்வீஸ்ல இருந்தவரைக்கும் வருசா வருசம் தேருக்கு முன்னாடி நடந்திருக்கேன். ஒரு தடவகூட தேரப் பாத்ததில்ல. மேலயே பாத்துகிட்டுப் போவேன். எந்த வயரு தொங்குது, எத அவுக்கணும், எதக் கழியால தூக்கணும்னு. அப்பறம் ரிட்டயர் ஆயி பாக்கலாம்னா இந்தச் சனியன் வந்துது. சாமி எனக்குப் பின்னாடிதான் வந்துது. திரும்பிப் பாக்க நேரமில்ல."

"அடுத்த வருசம் பாக்கலாம்ப்பா."

அவர் இருட்டறையில் கட்டிலில் உட்கார்ந்து காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டார். "தெக்கு வீதி திரும்புது" என்றார் ஒரு சமயம். வெகுநேரம் கழித்து, "இப்ப நம்ம முக்குல நிக்குது" என்றார். சக்கரத்துக்குக் கட்டை போடுகிற சத்தம் இசைவாணிக்கும் கேட்டது. ஜீரோ வாட் வெளிச்சத்தில் அவர் முகம் மேலே, உத்தரத்தைப் பார்த்தபடி இருந்தது. தேர் கடந்து வடக்கு வீதிக்குப் போகும்வரை அப்படியேதான் இருந்தார்.

கீழே யாரோ கூப்பிட்டார்கள். இசைவாணி சட்டையையும் குல்லாயையும் கண்ணாடியையும் விட்ட இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

சந்தில் சுப்புராயன் ஒரு நீள மூங்கில் கழியோடு நின்றிருந்தார். அப்பாவிடம் ஹெல்பராகச் சேர்ந்து, இன்னும் வேலையில் இருக்கிறவர். சந்து நெடுக மேலே பார்த்துக்கொண்டு போய்த் திரும்பி வந்திருந்தார்.

"முக்குல கேபிள் டிவி வயரு ஒண்ணு தாழ்வா கெடக்கும்மா. பூ வண்டி ஒயரம் ஜாஸ்தி. நான் முன்னாடி போயித் தூக்கி வுட்டுடறேன். அண்ணன் வண்டில ஒரு வயரு ஒரசக் கூடாது."

அவள் தலையசைத்தாள்.

"போன வாரம் போன் பண்ணாரு" என்றார் சுப்புராயன். "தேரு எப்படிப் போச்சுன்னு கேட்டாரு. வயரைப் பத்தி கேக்கலம்மா, தேரைப் பத்தி. என்னா ஜோடன, என்னா பூவுன்னு. எனக்குச் சொல்லத் தெரியல. நானும் மேலதான பாத்துகிட்டுப் போனேன்."

"வேற ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லியே. சரிப்பான்னு வெச்சிட்டாரு."

குளிப்பாட்டுவதற்காக உடலை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பெஞ்சு போட்ட இடத்தில் பந்தல் முடிந்துவிட்டிருந்தது. ஆடி வெயில் தரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து நான்கு பேர் தூக்கியதும் சௌந்தரம் எங்கிருந்தோ ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவர்களோடு கூடவே, முகத்துக்கு நேராகக் குடையைப் பிடித்தபடி நடந்தாள்.

"உள்ளயே வெச்சுக் குளிப்பாட்டுங்களேன்" என்றாள். "இல்லன்னா பந்தலுக்குள்ள கொண்டாங்க. இங்க வேணாம்."

"அங்க தண்ணி தேங்கும், அத்தை" என்றான் பாலகுமார் மெதுவாக. மகன் இல்லாத வீட்டில் கொள்ளி அவன்தான் வைக்க வேண்டும். ஈர வேட்டியோடு குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கொஞ்சம் தள்ளிக்குங்க. தண்ணி ஊத்தணும்."

சௌந்தரம் தள்ளவில்லை. குடை ஆடியது. நிழல் அப்பாவின் நெற்றிக்கும் மார்புக்கும் நடுவே அலைந்தது. அது விலகும்போதெல்லாம் அவள் எட்டிப் பிடித்தாள். யார் மேலேயோ கம்பி குத்தியது. தூக்கிப் பிடித்திருந்தவர்களுக்குக் கை கடுத்தது.

ராமாமிர்தம் முன்னால் வந்தாள். "இப்ப கொடை எதுக்கு அண்ணி? நேத்து ராத்திரி அந்தத் தாப்பாவப் போட்டிருந்தா போதுமே."

சௌந்தரம் அப்போதுதான் அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை. குடையை மட்டும் விடவில்லை.

"அத்தை" என்றாள் இசைவாணி. அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "தாப்பா போட்டிருந்தாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். வெயில் அப்பாவ ஒண்ணும் பண்ணல."

"டாக்டர் ஆகாதுன்னு சொன்னாருன்னு நீதானடி சொன்ன."

"சொல்லல. அவரு ஒரு மாசம்தான்னாரு. ஒரு மாசம் கழிச்சு வெயில்ல போகலாம்னுட்டாரு. நாந்தான் மாத்திச் சொன்னேன். எனக்குப் பயமா இருந்துது." அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "நீ ஒண்ணும் பண்ணலம்மா. உன் மேல தப்பே இல்ல."

பறையடிக்கிறவர்கூடக் குச்சியைக் கீழே இறக்கினார்.

சௌந்தரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை முகத்தில். எதையோ கணக்குப் போடுகிறவளைப்போல இருந்தது.

"எப்ப சொன்னாரு டாக்டர்?" என்றாள். "தேருக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இசைவாணி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. பின்னாடி என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். யாரும் விசாரிக்கப் போவதில்லை.

"முன்னாடிம்மா."

சௌந்தரம் குடையை மடக்கினாள். பட்டனைப் போட்டுச் சுருட்டி, பக்கத்தில் நின்ற யாரிடமோ கொடுத்தாள். வெயில் பழனிவேலின் முகத்தில் முழுசாக விழுந்தது. மூன்று மாதமாக இருட்டில் கிடந்த தோல் வெளிறி, முட்டை ஓடு மாதிரி இருந்தது.

"ஊத்துங்க" என்றாள்.

அவர்கள் ஊற்றினார்கள். அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கயிறு அறுகிற சத்தம் கேட்டது. இசைவாணி போய்ப் பார்த்தபோது அம்மா ஜன்னல் பேனர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலின் மேல் வெளிச்சம் விழுந்தது. தலையணையில் அப்பாவின் தலை பதிந்த குழி அப்படியே இருந்தது. இசைவாணி கடைசிப் பேனரின் முனையைப் பிடித்தாள்.

"வேணாம்" என்றாள் சௌந்தரம். "நானே பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு அவள் மகளிடம் பேசவில்லை.

வாய்க்கரிசி போட்டு, கோடி போர்த்தி, வண்டியில் ஏற்றினார்கள். செவ்வந்தியும் அரளியும் கூண்டின் உச்சிவரை கட்டியிருந்தது. அப்பாவைக் கொஞ்சம் நிமிர்த்தி, தலைக்கு உயரம் வைத்து, முகம் தெரியப் படுக்கவைத்திருந்தார்கள். பெண்கள் சந்து முனைவரை போகலாம். சௌந்தரத்தைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ராமாமிர்தம் நடந்தாள். இசைவாணி பின்னால் வந்தாள். அவள் கையை யாரும் பிடிக்கவில்லை, அவளும் யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை.

முனையில் வண்டி நின்றது. சுப்புராயன் கழியை நீட்டிக் கேபிள் வயரைத் தூக்கினார். அது வழுக்கியது. மறுபடி தூக்கினார். "இன்னும் கொஞ்சம்" என்று ஒருத்தர் சொன்னார். "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று இன்னொருத்தர். பறைக்காரர்கள், தூக்க வந்தவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து அந்த வயரையே பார்த்தார்கள்.

சௌந்தரம் மட்டும் ராமாமிர்தத்தின் கையை உதறிவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் போனாள். பூக்களை விலக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். மேல வீதி வெயில் அந்த முகத்தின் மேல் இருந்தது.

இசைவாணியும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தாள். இது போனால் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வயர் உயர்ந்தது. வண்டி நகர்ந்து, மேல வீதிக்குள் திரும்புகிற சத்தம் கேட்டது. சுப்புராயன் கழியை இறக்கினார். வயர் ஆடி ஆடி நிற்கும்வரை இசைவாணி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.